கம்பி இழுக்கிறவன்

நம் மொழியில் கம்பிக்கு நல்ல பெயரே கிடையாது. ஜெயிலுக்குப் போனவன் கம்பி எண்ணுகிறான். கடன் வாங்கிவிட்டு ஓடியவன் கம்பி நீட்டிவிட்டான். நம்ப முடியாததை ஒருவன் அளந்துவிட்டால், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாஷையில் அது ‘கம்பி கட்டுற கதை’. இந்த வரிசையில் நாலாவதாக ஒன்றைப் போன மாதம் கேட்டுவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மனசு சரியில்லை. எழுதித் தீர்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் பகுதிக் கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம். தமிழரின் இரும்புத் தொன்மை பற்றிப் பேச்சு. ஓய்வு பெற்றவனுக்கு வேறு என்ன வேலை, போயிருந்தேன். பேசியவர் நன்றாகவே பேசினார். மயிலாடும்பாறையைச் சொன்னார். இப்போது அது கிருஷ்ணகிரி மாவட்டம், 2004 வரைக்கும் நம்ம தருமபுரி மாவட்டம்தான். அங்கே தோண்டி எடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தார்கள். 2025 ஜனவரியில் வந்த அறிக்கையில் தூத்துக்குடிப் பக்கம் சிவகளை அதையும் தாண்டி கி.மு. 3345-க்குப் போய்விட்டது. கைத்தட்டல் அடங்க நேரமாயிற்று. நானும் தட்டினேன்.

எனக்குப் பக்கத்து நாற்காலியில் எதிர்வீட்டுப் பையன். வயசு இருபத்தொன்பது. வார லீவு, அப்பாவோடு வந்திருந்தான். கூட்டம் முடிந்து டீ குடிக்கும்போது ஒரு பெரியவர் அவன் அப்பாவிடம், “தம்பி என்ன பண்றாப்ல?” என்று கேட்டார்.

“என்னத்தப் பண்றான். ஓசூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில கம்பி இழுக்கிறான்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பையனும் சேர்ந்து சிரித்தான். ஐயாயிரம் வருஷத்து இரும்புக்குக் கைதட்டி இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அவன் என்ன செய்கிறான் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது. ஓரளவுக்கு எனக்குத் தெரியும், அவனிடமே கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். சாயங்காலம் எங்கள் திண்ணையில் உட்கார்ந்து பேசுவான். உருக்காலையிலிருந்து 5.5 மில்லிமீட்டர் கனத்தில் எஃகுக் கம்பி சுருள் சுருளாக வருகிறது. அதை ஆசிட் தொட்டியில் முக்கித் துருவும் செதிலும் போக்கி, மேலே ஒரு பூச்சுக் கொடுத்து, சோப்புத் தூளுக்குள் நுழைத்து, டை என்கிற கடினமான ஓட்டை வழியாக இழுக்கிறார்கள். ஒரு டையில் கொஞ்சம் மெலியும், அடுத்ததில் இன்னும் கொஞ்சம். நம் ஆசாரிமார் தங்கக் கம்பியை இழுக்கிற கம்பியச்சு இருக்கிறதே, அதே சங்கதிதான். தங்கம் சொன்னபடி கேட்கும், எஃகு கேட்காது. அதுதான் வித்தியாசம்.

குமாஸ்தா புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். 5.5 மில்லிமீட்டர் கம்பியை லாரி டயருக்குள் போகிற 0.2 மில்லிமீட்டர் இழையாக இழுத்தால், ஒரு மீட்டர் 756 மீட்டராக நீளும். அந்த ஒரு மீட்டரின் எடை 186 கிராம், அரை டம்ளர் அரிசி. அதைத்தான் முக்கால் கிலோமீட்டர் நூலாக நூற்கிறார்கள். அந்த நூல் ஒற்றை இழையிலேயே ஒன்பது கிலோவுக்கு மேல் தாங்கும். இதே குடும்பத்துக் கம்பி ஏழைச் சேர்த்துத் திரித்து 15.2 மில்லிமீட்டரில் ஒரு கயிறு செய்கிறார்கள். அது அறுபட 26 டன் இழுக்க வேண்டும். நீங்கள் சேலம் போகும்போது ஏறி இறங்குகிற மேம்பால உத்திரங்களுக்குள் இழுத்துக் கட்டியிருப்பது இந்த ஜாதிக் கயிறுதான்.

இது எப்படி முடிகிறது என்றால், கரி. நூறு பங்கு இரும்புக்கு முக்கால் பங்கு, ஒரு பங்குக்கும் குறைவு. அந்தக் கரி இரும்போடு சேர்ந்து அடுக்கடுக்காகப் படிகிறது. மெத்தென்ற இரும்பு ஒரு அடுக்கு, கரி சேர்ந்த கெட்டி இரும்பு ஒரு அடுக்கு. வீச்சுப் பரோட்டாவைப் பிரித்துப் பாருங்கள், அந்த மாதிரி. ஆனால் ஒரு மில்லிமீட்டருக்குள் பத்தாயிரம் அடுக்கு வரைக்கும் இருக்கும். அடுக்கு மெல்லிசாக அமைந்தால்தான் கம்பி அறுபடாமல் இழுபடும். அதற்காகக் கம்பியை 900 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, 550 டிகிரியில் உருகி நிற்கிற ஈயத்தில் முக்குவார்கள். 1854-இல் பர்மிங்காமில் ஜேம்ஸ் ஹார்ஸ்ஃபால் என்பவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார். அதனால் அந்த வேலைக்கே இன்றைக்கும் ‘பேட்டன்டிங்’ என்றுதான் பெயர். ஈயப் புகைக்குப் பக்கத்தில் நிற்கிறவன் எதை மூச்சிழுக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இத்தனை ஆர்வம் என்று கேட்பீர்கள். நான் புதுச்சேரியில் பிறந்து பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். இது இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். 1962-இல் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது. அடுத்த வருஷம் அப்பா போய்ச் சேர்ந்தார். அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு தருமபுரியில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு வந்துவிட்டாள். அப்போது இது சேலம் மாவட்டம், தருமபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபரில்தான். மாமா வைத்திருந்தது லேத் பட்டறை. தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் திணறிய பையன், பள்ளிக்கூடம் விட்டால் போகிற இடம் அதுதான்.

மாமா ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவர். லேத்திலிருந்து சீவி விழுகிற சுருளின் நிறத்தைப் பார்த்தே வேகத்தைச் சொல்லுவார். “மாப்ளே, சுருள் நீலமா வரணும். சூடு அதோட வெளிய போயிரணும். பொருள்லயும் நிக்கக் கூடாது, டூல்லயும் நிக்கக் கூடாது.” ஹைஸ்பீடு மெஷினிங் என்று இன்று புத்தகம் புத்தகமாக எழுதுகிறார்களே, அதன் அடிப்படைகளில் ஒன்று இதுதான்: உரசலில் பிறக்கிற சூட்டில் பெரும்பங்கைச் சீவலோடு அனுப்பிவிடுவது.

இந்த வேகத்துக்கும் ஒரு கதை உண்டு. 1900-இல் பாரிஸில் நடந்த உலகக் கண்காட்சியில் அமெரிக்காக்காரர்கள் ஒரு லேத்தை ஓட்டிக் காட்டினார்கள். டெய்லர், ஒயிட் என்று இரண்டு பேர் கண்டுபிடித்த புது டூல். அதன் முனை சிவக்கப் பழுத்த பிறகும் மழுங்காமல் எஃகைச் சீவிக்கொண்டிருந்தது. ஹைஸ்பீடு ஸ்டீல் என்ற பெயர் அப்படி வந்தது. மாமாவின் பட்டறையில் அந்த டூலை வைத்து நடுத்தரக் கரி எஃகை நிமிஷத்துக்கு 30 மீட்டர் வேகத்தில் சீவலாம். பிறகு ‘விடியா’ டிப் வந்தது. 150, 200 மீட்டருக்குப் போனது வேகம். விடியா என்றால் ஜெர்மன் மொழியில் ‘வைரம் போல’ என்று அர்த்தம். வேடிக்கை என்னவென்றால், நிஜ வைரத்தால் எஃகை அந்த வேகத்தில் சீவ முடியாது. வைரமும் கரிதானே, சூடேறிய இரும்பு அதைத் தின்றுவிடும்.

இன்னொரு வேடிக்கை. இந்த விடியா உலோகம் லேத்துக்காகப் பிறந்ததே இல்லை. 1920-களில் பெர்லினில் பல்புக்கு உள்ளே போகிற மெல்லிய டங்ஸ்டன் கம்பியை இழுக்க வைர டைக்குப் பதிலாக ஒன்று தேடினார்கள். அப்போது கிடைத்ததுதான் டங்ஸ்டன் கார்பைடு. கம்பி இழுக்கிறவனுக்காகச் செய்ததைத்தான் பிறகு லேத்காரன் வாங்கிக்கொண்டான். உலகத்து மெஷின் ஷாப் எல்லாம் இன்று கார்பைடில்தான் ஓடுகின்றன. கம்பி இழுக்கிற வேலையைக் கேட்டுச் சிரித்தவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

பிரெஞ்சில் டைக்கு ‘ஃபிலியேர்’ என்று பெயர். ஒரு மாணவன் எந்தப் படிப்பு வழியில் போகிறான் என்று கேட்பதற்கும் இதே சொல்தான். அங்கே கம்பி போகிற ஓட்டையிலிருந்து படிப்புக்கு ஒரு சொல் வந்தது. இங்கே படிப்பு வராதவன் போகிற இடம் என்று அந்த ஓட்டையைக் காட்டுகிறோம்.

இப்போது பையன் கதைக்கு வருகிறேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. ஆர்டர் நெருக்கடி. மெஷின் வேகத்தைக் கூட்டச் சொல்லி உத்தரவு. இந்த மெஷினில் கடைசி டையிலிருந்து கம்பி வெளியே வருகிற வேகம் விநாடிக்குப் பத்து மீட்டர் என்றால், மணிக்கு 36 கிலோமீட்டர். டவுன் பஸ் வேகத்தில் எஃகு ஓடுகிறது. அதை இரட்டிப்பாக்கினால் 72, தொப்பூர் தாண்டின புறநகர்ப் பேருந்து. பையன் சொல்லியிருக்கிறான், “சார், டிரம்முக்கு உள்ள தண்ணி சரியா ஓடல. சோப்பு கருகுற வாசனை வருது. கம்பி கையில பிடிக்க முடியல. ஸ்பீடு ஏத்தினா ட்விஸ்ட்ல போயிரும்.” “நீ இன்ஜினியரா?” என்று பதில் வந்தது. ஏற்றினார்கள்.

அவன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. இழுத்த கம்பி 150, 200 டிகிரிக்குச் சூடேறினால் உள்ளே கரி அணுக்கள் இடம் பெயர்ந்து, எஃகு வளைந்துகொடுக்க உதவுகிற பாதைகளை அடைத்துக்கொள்ளும். இழுத்துப் பார்த்தால் பலம் குறைந்திருக்காது, கூடியும் இருக்கும். முறுக்கிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும், கரும்புச் சக்கை மாதிரி நீளவாக்கில் பிளக்கும். அந்த ஷிஃப்டில் இழுத்த கம்பி அப்படித்தான் பிளந்தது. மொத்தமும் கழிவுக்குப் போயிற்று. ஒரு வாரச் சம்பளம் பிடித்தார்கள். யாருக்கு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூக்காலும் விரலாலும் அறிந்ததை அறிவு என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறோம். அதையே ஒரு வெள்ளைக்காரர் கட்டுரையாக எழுதினால் ஆராய்ச்சி என்கிறோம். நம்முடைய பழைய உருக்குக்கு நடந்ததும் இதுதான். தென்னாட்டு உருக்கு கெய்ரோ வழியாகப் பாரிஸுக்குப் போய், 1722-இல் எஃகைப் பற்றிப் புத்தகம் போட்ட ரெயோமூர் கையில் கிடைத்தது. அவர் ஊர்க் கொல்லர்களால் அதை அடித்து நீட்ட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் ரெயோமூர் என்றால் எங்களுக்குத் தெர்மாமீட்டர்தான், 80 டிகிரியில் தண்ணீர் கொதிக்கிற தெர்மாமீட்டர். அவர் நம்ம பக்கத்து உருக்கோடு மல்லுக்கட்டிய கதையை எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. நூறு வருஷம் கழித்து லண்டனில் மைக்கேல் ஃபாரடே அதே உருக்கை வைத்து ஆராய்ச்சி செய்தார். ஃபாரடேயின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. உலையில் துருத்தி ஊதியவன் பெயர் எங்கேயும் இல்லை.

சேலத்து இரும்பை வைத்துப் பரங்கிப்பேட்டையில் 1830 வாக்கில் ஆலை வைத்த ஜோசையா மார்ஷல் ஹீத் கதை தெரிந்திருக்கும். கம்பெனி அரசாங்க உத்தியோகத்தை விட்டுவிட்டு இரும்பின் பின்னால் போனவர். ஒரு வகையில் நம்ம இனம். இங்கே ஆலை நொடித்தது. இங்கிலாந்துக்குப் போய் 1839-இல் எஃகில் மாங்கனீசு சேர்க்கிற முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு ஆலைகள் அதை வைத்துச் சம்பாதித்தன. அவர் கோர்ட்டுக்கு அலைந்தே செத்தார். அவருக்கே அந்தக் கதி என்றால் துருத்தி ஊதியவனை யார் கேட்பது.

அன்றைய உருக்குக்கும் இன்றைய கம்பிக்கும் நேரான வாரிசு உறவு கிடையாது, ஒப்புக்கொள்கிறேன். அதில் கரி ஒன்றரைப் பங்கு, இதில் முக்கால். உலை அணைந்து நூறு வருஷத்துக்கு மேலாயிற்று. ஆனால் பெருமை பேசுகிறவர்கள்தானே வாரிசு உரிமை கோருகிறார்கள்? அப்படியானால் இன்றைக்கு எஃகைத் தொடுகிறவன் அல்லவா முதல் வாரிசு?

அதியமான் ஊர் நம்முடையது. ஔவையார் தொண்டைமானிடம் தூது போன கதை சின்ன வயசில் எல்லோரும் படித்ததுதான். தொண்டைமானின் ஆயுதங்கள் மாலை போட்டு நெய் பூசி மினுக்கிக்கொண்டு இருந்தன. எங்கள் அதியமானுடைய ஆயுதங்கள் முனை முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றாளாம் கிழவி. எவ்வளவு சாமர்த்தியமான திட்டு! தகடூர்க்காரன் என்று சொல்லிக்கொண்டு இன்று நாம் தொண்டைமான் பக்கம் போய் நிற்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற துருப்பிடித்த வாளுக்கு மாலை. பட்டறையில் நிற்கிறவனுக்கு இளிப்பு.

ஊரைத் திட்டுகிறேன், என் யோக்கியதை என்ன? அதையும் எழுதிவிடுகிறேன். முப்பத்தைந்து வருஷம் அரசாங்க எழுத்தர். அதில் சில வருஷம் இந்த மாவட்டத்தில் ஒரு அலுவலகத்தில் சான்றிதழ் மேஜை. விண்ணப்பத்தில் ‘தொழில்’ என்று ஒரு இடம். ஒருநாள் ஐம்பது வயது மனிதர் ஒருவர் மகள் படிப்புக்காக வந்தார். வலது கைச் சுண்டுவிரலில் பாதி இல்லை. “தொழில்?” என்றேன். “கம்பி இழுக்கிற மிசின்ல ஆபரேட்டருங்க ஐயா. டை செட் பண்றதுங்க.” நான் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ‘கூலி’ என்று எழுதினேன். அவருக்குப் படிக்கத் தெரியும். எழுதியதைப் பார்த்துவிட்டு, “இருபது வருசமா டை போடுறேன், கூலிங்களா?” என்றார். கோபமாக இல்லை, சந்தேகம் கேட்கிற மாதிரி.

“கூலின்னு இருந்தாத்தான் ஸ்காலர்ஷிப்புக்குச் சுலபம்” என்றேன். அப்படி எந்த விதியும் எனக்குத் தெரிந்து கிடையாது. வாய்க்கு வந்தது, சொன்னேன். அவர் கும்பிட்டுவிட்டு வாங்கிக்கொண்டு போனார். இந்த மாதிரி எத்தனை எழுதியிருப்பேன்! டர்னர், ஃபிட்டர், மோல்டர், கிரைண்டர், எல்லாம் என் பேனாவில் ஒரே சொல்தான். லேத் பட்டறைச் சோற்றில் வளர்ந்தவன் நான். மாமா அப்போது உயிரோடுதான் இருந்தார்.

இதைப் படிக்கிற நண்பர்களில் சிலர் சொல்லப்போவது தெரியும். “சம்பளம் குறைச்சல், அதனால்தான் மதிப்புக் குறைச்சல், வேறொன்றுமில்லை.” பாதி சரி. ஆனால் சம்பளம் ஏன் குறைச்சல்? வருஷக்கணக்காகப் பயிற்சியாளர் என்றும் ஒப்பந்தம் என்றும் ஒருவனை வைத்திருக்க முடிவது, அவன் செய்வது தொழில்நுட்பம் இல்லை, வெறும் ஆள் வேலை என்று நாம் எல்லோரும் சேர்ந்து ஒப்புக்கொண்டதால்தானே? கம்பெனிக்காரன் கணக்குப் பார்ப்பான், அது அவன் குணம். அவனுக்கு அந்தச் சொல்லை எடுத்துக்கொடுத்தது நாம். குறிப்பாக நான்.

“இப்போதெல்லாம் கம்ப்யூட்டரே ஓட்டுகிறது, ஆளுக்கு என்ன வேலை” என்பார்கள் இன்னும் சிலர். சி.என்.சி. மெஷின் சொன்னதைச் செய்யும். எதைச் சொல்வது? டிப் தேய்ந்துவிட்டதைச் சத்தத்தில் கண்டுபிடிப்பது, அதே ஈ.என்.8 எஃகாக இருந்தாலும் இந்த லோடு கொஞ்சம் கெட்டி என்று முதல் சீவலிலேயே தெரிந்துகொள்வது, டை வாய் தேய்ந்து கம்பி கீறலோடு வருவதை விரலில் உணர்வது. இதை யாரோ ஒருவன் அறிந்துதான் மெஷினுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஃப்ரெய்சினே என்று ஒரு பிரெஞ்சு இன்ஜினியர், பாலம் கட்டுகிறவர். கான்கிரீட் நாள்பட நாள்படச் சுருங்கிக்கொண்டே போகிறது, அதனால் சாதாரணக் கம்பியை இழுத்துக் கட்டினால் பிடிப்பு விட்டுவிடும், மிகப் பலமான எஃகுக் கம்பி இருந்தால்தான் முடியும் என்று கண்டுகொண்டு 1928-இல் காப்புரிமை வாங்கினார். நம்ம செங்கல்பட்டுப் பக்கம் பாலாற்றுப் பாலம் 1954-இல் அந்த முறையில் வந்தது. யோசனை அவருடையது. அந்தக் கம்பியை யாரோ இழுத்துக் கொடுத்தார்கள். அவர்கள் இல்லாமல் அந்த யோசனை காகிதத்தில்தான் இருந்திருக்கும்.

அடுத்த கூட்டம் போடுகிறவர்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். மேடையில் ஒரு நாற்காலியை ஒரு டை செட்டருக்கோ டர்னருக்கோ போடுங்கள். சால்வை வேண்டாம், மைக் கொடுங்கள். கால் மணி நேரம் அவன் வேலையைத் தமிழில் சொல்லட்டும். ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கு எந்தப் பட்டனை அழுத்துவது என்பதோடு நிறுத்தாமல், கரி உள்ளே என்ன செய்கிறது என்பதையும் அவர்கள் பாஷையில் சொல்லிக்கொடுங்கள். என் மாமாவுக்கு அதை ஒருவரும் சொல்லவில்லை. நீலச் சுருள் ஏன் நல்லது என்று கடைசி வரைக்கும் அவருக்குக் காரணம் தெரியாது. தெரிந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்!

இதற்கிடையில் பையனுக்குப் பெண் பார்க்கிறார்கள். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஜாதகத்தோடு வைக்கிற குறிப்பை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். ‘தொழில்: வயர் டிராயிங் ஆபரேட்டர், உயர் கரி எஃகு’ என்று எழுதினேன். அவன் அம்மா அதைப் படித்துவிட்டு, “பெரியப்பா, கம்பெனி சூப்பர்வைசர்னு மாத்திக் குடுங்களேன். பொண்ணு வீட்டுல கேப்பாங்க” என்றது. மாட்டேன் என்றேன். நேற்றும் வந்து கேட்டது. பையனைக் கேட்டால், “உங்க இஷ்டம் தாத்தா” என்று சிரிக்கிறான். காகிதம் இன்னும் என் மேஜை மேல்தான் இருக்கிறது.